பாலிஷ் போடுவதற்கு முன் துடைக்கும் துணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, மாலை சாத்தி நிறுத்தும் நாள்கள் இவை. 'ரப்பிங் பாலிஷ்', 'டெஃப்லான்', 'செராமிக்' என்று பலகை மாட்டிய கடையில் காரை விடும் முன் உங்கள் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு தேயக்கூடியது. தேய்ந்தால் மீண்டும் வளராது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை போலத் தெரிகிற கீறல்களை எடுப்பது என்றால், அந்தக் கையிருப்பில் கொஞ்சத்தைச் செலவழிப்பது என்று பொருள். பல கடைகளில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பார்ப்பதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பளபளப்பும், புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் மருந்தும் முடியளவு கூட இல்லாத இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. இதில் மொத்தமாக 8 மைக்ரானுக்கு மேல் எடுத்துவிட்டால் வெயிலில் சீக்கிரம் வெளுத்து உரியத் தொடங்கும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு. கடினமான காம்பவுண்டால், அதாவது தேய்த்தெடுக்கும் பசையால், ஒருமுறை தேய்த்தாலே 2 முதல் 4 மைக்ரான் போகும். அப்படியென்றால் ஒரு காரின் ஆயுளில் இந்தக் கடுமையான வேலைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று வாய்ப்புகள்தான் உண்டு. ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'ஒரு ரப்பிங் போட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கீறல்கள் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாகத் தெரிவதால், யாரோ வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் விழுந்திருக்கும். ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால், கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். எனவே நேர்கோட்டில் துடைத்தால் கீறல் விழாது என்பதும் சரியில்லை. நேர்கோட்டில் விழுந்த கீறல் சில கோணங்களில் மட்டும் தெரியும், அவ்வளவுதான் லாபம்.

கீறுவது எது? தெருப்புழுதியில் இருக்கிற மணல். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில், 7. கிளியர் கோட் அதன் பக்கத்தில் கூட நிற்க முடியாத பிளாஸ்டிக். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பத்துப் பதினைந்து கார்கள். மூன்றாவது காருக்கு வரும்போது அந்த வாளியின் அடியில் மண் தங்கியிருக்கும். துணியை முக்கிப் பிழிந்து மறுபடி தேய்க்கும்போது அது உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. இது துடைப்பவரின் குற்றம் அல்ல. தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்டது நாம். ஒரு வாளிதான் கிடைக்கும்படி ஏற்பாடு செய்ததும் நாம்தான். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியால் காய்ந்த புழுதியைத் தட்டுவது, கொத்துக் கொத்தாக நூல் தொங்கும் டஸ்டரால் இழுப்பது, புழுதி படிந்த வண்டியின் மேலேயே கவர் போட்டுவிட்டு மொட்டை வெயிலில், காற்றில் அது படபடக்க விடுவது, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுப்பது எல்லாம் இதே வகை. சுழலும் பிரஷ் கொண்ட தானியங்கி வாட்டர் வாஷும் அப்படித்தான். முந்தைய வண்டியின் சேறு அந்த நாரில்தான் இருக்கிறது.

இனி, வீட்டு வைத்தியம். பற்பசையில் தேய்க்கும் பொருள் உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் துகள் கிளியர் கோட்டுக்காக அளந்து செய்ததல்ல. ஒரு கீறலை மங்கச் செய்து அந்த இடத்தையே புகை மூட்டம் போல ஆக்கிவிடும். தேங்காய் எண்ணெய் கீறலுக்குள் புகுந்து ஒளிச் சிதறலைக் குறைப்பதால் இரண்டு நாள் கீறல் மறைந்தது போல இருக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைப்பதும் அதே ஏமாற்றுதான். கூடவே அந்த எண்ணெய்ப் படலம் புழுதியைப் பிடித்து வைக்கும், கதவு ரப்பரையும் கெடுக்கும். ஒரு மணி நேரத்தில் முடிகிற 'பாலிஷ்' பலவும் இந்த வரிசையில் வருபவைதான். கீறலை நிரப்பும் மெழுகும் எண்ணெயும் அதில் இருக்கும், நாலைந்து கழுவலில் போய்விடும். நடுத்தர அளவு செடான் ஒன்றில் கீறலை நிஜமாகவே எடுக்க, ஒரே கட்ட வேலைக்கே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். காம்பவுண்ட், பிறகு ஃபினிஷிங் என்ற மென்மையான கடைசிப் பாலிஷ் என்று இரண்டு கட்டமானால் 8 முதல் 12 மணி நேரம்.

செராமிக் பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை மோஸ் அளவின் 9 என்று நினைத்து, மணல் கீறாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். பூச்சின் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் அடியில் கீறலை வைத்துக்கொண்டு பூசினால் கீறல் பூச்சுக்குக் கீழே பூட்டப்பட்டுவிடும். பிறகு அதை எடுக்க, பணம் கொடுத்துப் போட்ட பூச்சையும் சேர்த்தே தேய்த்தெடுக்க வேண்டும்.

சரியான வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முதலில் நிழல். தகடு கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் காம்பவுண்ட் உடனே காய்ந்து, தூளாகி, அந்தத் தூளே புதிதாகக் கீறும். ஷாம்பூவால் கழுவிய பிறகு, தார்ப் புள்ளிகளைத் தார் ரிமூவரால் எடுக்க வேண்டும். ரயில் பாதை, வெல்டிங் பட்டறை அருகில் நிற்கும் வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் பதிந்திருக்கும். அயர்ன் ரிமூவர் தெளித்தால் 3 முதல் 5 நிமிடத்தில் ஊதாவாக வழியும். காய விடாமல் கழுவிவிட வேண்டும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், பதிந்த அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே பார் தேவை. 50 கிராம் துண்டை மூன்றாகப் பிரித்து, ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கீழே விழுந்த துண்டைக் குப்பையில் போடுங்கள். கழுவினாலும் மண் போகாது. கிளே தானே மெல்லிய கீறல் போடும் என்பதால், அடுத்து பாலிஷ் செய்யாத நாளில் கிளே போடக் கூடாது.

போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளிகளைக் கீறல் என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் துணியால் ஒற்றி வைத்துக் கழுவினால் புதிய புள்ளிகள் கரைந்துவிடும்.

அடுத்து அளப்பது. பெயின்ட் தடிமன் மீட்டரால் ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடம் பார்க்க வேண்டும். 100 முதல் 140 என்றால் கம்பெனி பெயின்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 200-க்கு மேல் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்தது. 500, 1000 என்றால் அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் காம்பவுண்டைத் தொடவே வேண்டாம், மென்மையான ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமன், கிளியர் கோட்டின் தடிமன் அல்ல. அதனால் பக்கத்துப் பேனல்களோடு ஒப்பிட வேண்டும்: கூரையில் 125, பானட்டில் 95 என்றால் பானட்டை ஏற்கெனவே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கலாம். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. மீட்டரின் பிழையே ஓரிரு மைக்ரான் இருப்பதால் ஒரே ஒரு புள்ளியை முன்னும் பின்னும் அளந்து முடிவு செய்வது தவறு; பல இடங்களின் சராசரியைப் பாருங்கள்.

விளிம்புகளிலும், கதவில் ஓடும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெலிதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், சின்னங்கள் மேலும் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து எளிதில் போகாது.

இனி 'டெஸ்ட் ஸ்பாட்', அதாவது ஒரு சிறு இடத்தில் முதலில் செய்து பார்ப்பது. இதைச் செய்யாத கடையை நம்ப வேண்டாம். கிளியர் கோட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் நிறத்துக்கு நிறமும் மாறும். பானட்டில் 45 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை எடுத்து, மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடில் மென்மையானதும் மென்மையான பாலிஷும் கொண்டு தொடங்க வேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்த படி. மென்செர்னா கம்பெனியின் பாலிஷ் என்றால் 3800, பிறகு 2500, கடைசியாக 400. மெகுயர்ஸ் கம்பெனியில் எம் 205, பிறகு எம் 105. பேடின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு, அதிகம் தேய்த்தெடுக்கும் கட்டிங் பேடாக இருக்கும், இன்னொன்றில் அது நடுத்தரம்.

மெஷினில் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர்தான் பாதுகாப்பானது. தட்டு சுழன்றுகொண்டே ஊசலாடுவதால் ஓரிடத்தில் சூடு சேராது. புதுப் பேடில் முதல்முறை முகம் முழுக்க மெல்லிசாகக் காம்பவுண்டைத் தடவிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு போதும். அதிகமாகப் போட்டால் பேட் வழுக்கி ஓடும், வெட்டாது. குறைவாகப் போட்டால் தூள் பறக்கும். 1-ஆம் வேகத்தில் பரப்பிவிட்டு 4 அல்லது 5-இல் வேலை செய்ய வேண்டும். கை நகரும் வேகம் விநாடிக்கு 2.5 சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, 4 முதல் 6 தடவை. தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் தட்டையாகப் படியவில்லை. பேட் வெறுமனே அதிர்ந்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் கீறல் போகாது.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷாலோ காற்றாலோ சுத்தம் செய்ய வேண்டும். தேய்ந்த கிளியர் கோட்டும் பழைய காம்பவுண்டும் அதில் அடைத்துக்கொள்ளும். செடான் ஒன்றுக்குக் குறைந்தது 4 கட்டிங் பேடும் 3 ஃபினிஷிங் பேடும் வேண்டும். ஒரே பேடால் காரையே முடித்தேன் என்று யாராவது சொன்னால், பாதிக் கார் அரைகுறையாகத்தான் இருக்கும்.

துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லியுடன் 400 மில்லி தண்ணீர் கலந்தால் 14 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதைத் தெளித்துத் துடைத்துவிட்டு, கையில் பிடிக்கும் எல்.இ.டி. விளக்கைச் சாய்வாகக் காட்டிப் பாருங்கள். வெளியே வெயிலில் ஒருமுறை நிறுத்தியும் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எந்தக் காரும் குறையில்லாமல்தான் தெரியும்.

பிடிவாதமான கீறல் என்று சொல்வதில் பெரும்பகுதி வேலையின் பிழை. போகவில்லையே என்று அழுத்தத்தைக் கூட்டுவதும் உடனே கரடு காம்பவுண்டுக்குத் தாவுவதும்தான் பொதுவாக நடக்கிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. பேட் அடைத்திருக்கிறதா? சதுரம் பெரிதாகிவிட்டதா? கை வேகமாக ஓடுகிறதா? இவை சரியாக இருந்தும் போகவில்லை என்றால், காம்பவுண்டை மாற்றாமல் ஃபோமுக்குப் பதில் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடுக்கு மாறுங்கள். பேடை மாற்றுவது காம்பவுண்டை மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் தரும். அதன் பிறகே கடினமான காம்பவுண்ட். கடைசிப் படி, கைதேர்ந்தவர் கையில் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று (ஆர்.பி.எம்.) வேகத்தில், ஊசலாடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷினும் கம்பளிப் பேடும். ரோட்டரி போட்டால் அது விடும் அலையலையான ஹோலோகிராம் தடத்தை எடுக்க டி.ஏ.வில் ஃபினிஷிங் கட்டாயம் வேண்டும். வெயிலில் நெளியும் வானவில் போன்ற தடத்தோடு வெளியே வரும் கறுப்பு வண்டிகளெல்லாம் இந்தக் கட்டத்தை விட்டவை.

மாறாக, மென்மையான கறுப்புப் பெயின்டில் கீறல் சுலபமாகப் போகும், ஆனால் துடைக்கும் துணியே புதுக்கீறல் போடும். வேலையைப் பத்து முறை திருப்பிச் செய்தும் 'போகவில்லை' என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அங்கே 350 முதல் 500 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) உள்ள, ஓரத்தையல் இல்லாத புது மைக்ரோஃபைபரால் எடையே இல்லாமல் துடைக்க வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேடை மாட்டித் தேய்ப்பதை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். 4 அங்குல கிரைண்டர் 11,000 ஆர்.பி.எம். வரை ஓடும். பானட்டின் விளிம்பில் சில விநாடிகளில் கிளியர் கோட் எரிந்து நிறம் வெளியே வந்துவிடும். பம்பரில் இன்னும் ஆபத்து; பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, அது பெயின்டிலேயே தேங்கி நிற்கும். ஓர் எளிய எச்சரிக்கைக் குறி உண்டு: கிளியர் கோட் உள்ள காரில் பேடில் காரின் நிறம் ஏறக் கூடாது. சிவப்புக் காரில் வெள்ளைப் பேட் சிவந்தால் அங்கே கிளியர் கோட் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாலிஷ் கிடையாது, பெயின்டர்தான். கிளியர் கோட்டே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் உள்ள பழைய வண்டிகளில் நிறம் ஏறுவது இயல்பு. அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது சிக்குகிற கீறலைத் துரத்த வேண்டாம். அதன் அடியைத் தொடும்வரை சுற்றியுள்ள பரப்பையெல்லாம் தாழ்த்த வேண்டியிருக்கும். ஓரங்களை மழுக்கி மங்கச் செய்தால் போதும். நூறு சதவீதம் எடுத்துத் தருகிறேன் என்பவரைவிட, 'எண்பது எடுக்கிறேன், மீதியை விட்டால் பெயின்ட் பிழைக்கும்' என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாம்.

இவ்வளவு செய்து எடுத்த கீறல், பழைய துணியே தொடர்ந்தால் சில வாரங்களில் திரும்பிவிடும். தினமும் துடைப்பதை நிறுத்தி, அதே சம்பளத்தில் வாரம் ஒருமுறை முறையாகக் கழுவச் சொல்லுங்கள். துடைப்பவரின் வருமானத்தில் கை வைக்க வேண்டியதில்லை. 15 லிட்டர் வாளி இரண்டு, ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் அலசும் தண்ணீர், முதலில் மண்ணைத் தள்ள 20 லிட்டர்: வாரத்துக்கு 50, மாதம் நான்கு முறைக்கு 200 லிட்டர். தினம் 10 லிட்டர் வாளி ஒன்று என்றால் மாதம் 300. தண்ணீரும் மிச்சம்தான். மைக்ரோஃபைபர் கையுறையைக் கூரையிலிருந்து தொடங்கிக் கீழே கொண்டு வந்து, ஒவ்வொரு பேனலுக்கும் பிறகு அலச வேண்டும். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வேறு துணி. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் ரின்ஸ்லெஸ், அதாவது பிறகு அலசத் தேவையில்லாத கழுவும் திரவத்தை 1:256 அளவில், 10 லிட்டருக்கு 40 மில்லி கலந்து, எட்டுப் பத்துத் துணிகளை ஊறவைத்து, துடைத்த பக்கத்தை மறுபடி முக்காமல் மடித்து மடித்துப் பயன்படுத்தலாம். ஆனால் சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், கம்ஃபர்ட் வகைத் திரவமும் ஊற்றாதீர்கள். நூல் அடைத்துப் போகும்.

பூஜையன்று விபூதி, சந்தனம், குங்குமம் இடுவது நம் வழக்கம். அதைப் பானட்டில் இடாமல் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் இட்டால் பெயின்ட் தப்பும். பானட்டில்தான் இட வேண்டும் என்றால் மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்து எடுக்காதீர்கள். காய்ந்த சந்தனமும் சாம்பலும் பொடியாகித் துணியோடு சேர்ந்து இழுக்கும். குங்குமம் வெள்ளை வண்டியில் கறையாகவே நின்றுவிடும். தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கரைந்தோடிய பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, சர்வீஸ் சென்டர்களுக்கும் பாலிஷ் கடைகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். பில்லில் 'பாலிஷிங்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பேனலின் மைக்ரான் அளவு, பயன்படுத்திய காம்பவுண்டின் பெயர், எத்தனை கட்டம் என்பதை எழுதிக் கொடுங்கள். அடுத்த வருடம் வேறு கடையில் அந்த வண்டியை எடுப்பவருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். வாகன உரிமையாளர்களும் அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரப்படுத்தலாம்.

இப்படிக்கு,
வாகனப் பெயின்ட் தொழிலில் உள்ள வாசகர்,
அம்பத்தூர், சென்னை.